‘தைரியமா இரு’ என்பதற்கு அடுத்த வாக்கியம்

2004 டிசம்பர் 26 அன்று காலை வந்த ஆழிப்பேரலை, கடலூர் மாவட்டக் கரையில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் தொடங்கித் தெற்கே கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு வரை சாவு விழாத மீனவக் குப்பம் அரிது. அதன்பின் வந்த வாரங்களில் அரிசியும் துணியும் தார்ப்பாயும் வந்து இறங்கின. அவற்றோடு ஒரு சொற்கூட்டமும் வந்து இறங்கியது. கவுன்சலிங், ட்ராமா, ஸ்ட்ரெஸ், மோட்டிவேஷன் என்று நிவாரண முகாம்களில் அன்றாடம் புழங்கத் தொடங்கிய சொற்கள் அவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழகக் கடற்கரையில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தது. பல தொண்டு நிறுவனங்களும் தத்தம் முறையில் அதே பணியில் இறங்கின. அந்தக் குப்பங்களில் அதற்கு முன்பே வேறொரு சொற்கூட்டம் இருந்தது. ‘தைரியமா இரு’, ‘மனச விட்டுடாத’, ‘ஆனது ஆச்சு, ஆக வேண்டியதப் பாரு’, ‘பாத்துக்கலாம்’, ‘நாங்க இருக்கோம்’ என்று உறவும் அயலும் சொல்லும் சொற்கள் அவை. இடிந்துபோன ஒருவரைச் சொல்லால் எழுப்ப முடியுமா, முடியுமென்றால் எந்தச் சொல்லால், எப்படி என்ற கேள்விக்குக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை விடப் பொருத்தமான களம் கிடைப்பது கடினம். பேரலையும் புயலும் திரும்பத் திரும்பத் தாக்கிய பகுதி இது. துயரத்தில் விழுந்தவரை எழுப்புவது பற்றித் தமிழில் மிக நுட்பமாக எழுதப்பட்ட பகுதிகளும் இந்த மண்ணோடு பிணைந்தவைதான்.

என் வாதம் இதுதான். ‘தைரியமா இரு’ என்பது ஆங்கிலத்தில் சொல்லப்பட்டாலும் தமிழில் சொல்லப்பட்டாலும் பாதி வாக்கியம்தான். அடுத்து வரும் பாதி, சொல்பவர் கூட இருக்கப்போகிறார் என்பதைக் காட்ட வேண்டும். கேட்பவருக்கு இந்த உலகத்தில் இன்னும் ஓர் இடமும் வேலையும் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்த இரண்டாம் பாதி வராதபோது முதல் பாதி ஊக்கம் தருவதில்லை. சில வேளைகளில் அது சுமையாகவும் ஆகிவிடுகிறது.

ஆங்கிலச் சொற்களிலிருந்தே தொடங்கலாம். என்கரேஜ் என்ற சொல்லுக்குள் இருப்பது பழைய பிரெஞ்சில் இதயத்தைக் குறித்த சொல். ஒருவருக்குள் நெஞ்சுரத்தை வைப்பது என்பது அதன் அடிப்பொருள். கம்ஃபர்ட் என்பது இன்று மெத்தை விளம்பரத்தில் வரும் சொல்லாகிவிட்டது. அதன் லத்தீன் மூலம் வலுவூட்டுவதைக் குறித்தது. சியர் அப் என்பதில் வரும் சியர் முதலில் முகத்தைக் குறித்தது. முகம் தெளிவதே மனம் தெளிவதற்கு அடையாளமாகி, பின் மனநிலைக்கே பெயராயிற்று. இந்தப் பழைய சொற்கள் எல்லாவற்றிலும் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் வலுவைத் தருகிறார், மற்றவர் பெறுகிறார். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் பரவிய பெப் டாக் வேறு வகை. பெப் என்பது பெப்பரின் சுருக்கம்: மிளகின் காரம்போல் சுருக்கென்று ஏற்றிவிட்டு முடிந்துவிடும் பேச்சு. விளையாட்டு அணிக்கும் விற்பனைப் பணியாளர்களுக்கும் உருவான இந்த வகைதான் மோட்டிவேஷன் என்ற பெயரில் இன்று தமிழகத்தின் கல்லூரி அரங்குகளையும் கைப்பேசிகளையும் நிறைத்திருக்கிறது. பேசுபவர் மேடையில் இருக்கிறார்; கேட்பவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. பேச்சு முடிந்ததும் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஆங்கிலத்திலிருந்து நாம் கடன் வாங்கியது இந்தப் பிற்காலத்து வகையைத்தான், இதயத்தையும் வலுவையும் பேசிய பழைய வகையை அல்ல என்பது என் கணிப்பு.

ஆறுதல் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் இந்தப் பாடத்தைத் தடுமாறித்தான் கற்றார்கள். பெரும் விபத்திலிருந்து தப்பியவர்களை உடனே ஒருமுறை உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் சொல்லவைத்து, மனச்சுமையை இறக்கிவிடுவது என்ற முறை 1980-களில் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவியது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒருமுறைச் சந்திப்பு பற்றிய சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, அதனால் பயன் இருப்பதற்குச் சான்று இல்லை என்று 2002-இல் கூறியது. தீக்காயம் அடைந்தோரிடம் நடத்திய ஒரு சோதனையில், அந்தச் சந்திப்புக்கு உட்பட்டவர்கள் ஓராண்டுக்குப் பின் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் 2007-இல் வெளியான பன்னாட்டு நிறுவனங்களின் பொது வழிகாட்டு நெறிகளும், 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இந்த அனுபவங்களுக்குப் பிறகு எழுதப்பட்டவை. அந்தக் கையேடு சொல்பவை எளியவை. நிலைமையைப் பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடும் உறவோடும் இணைத்துவிடு. ‘உயிர் பிழைத்தாயே, அதற்குச் சந்தோஷப்படு’ என்ற பொருளில் எதையும் சொல்லாதே என்றும், நிறைவேற்ற முடியாத வாக்குறுதி தராதே என்றும் அது எச்சரிக்கிறது. 2007-இலேயே ஸ்டீவன் ஹாப்ஃபாலும் உடன் ஆய்வாளர்களும் பேரிடருக்குப் பின் வேண்டிய ஐந்து கூறுகளைத் தொகுத்தார்கள். பாதுகாப்பு உணர்வு, பதற்றம் தணிதல், தன்னாலும் தன் சமூகத்தாலும் முடியும் என்ற நினைப்பு, பிறரோடு பிணைப்பு, நம்பிக்கை என்பவை அவை. நம்பிக்கை கடைசியாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் நிற்கும் நான்கும் இல்லாமல் நம்பிக்கையை மட்டும் வாயால் ஊட்ட முயல்வதைத்தான் மேடைப் பேச்சு செய்கிறது.

இந்த இடத்தில் சேக்கிழாரிடம் போவது பக்திக்காக அல்ல. 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம் சிதம்பரத்தில் அரங்கேறியது என்பது மரபு. அதில் திருநாவுக்கரசர் கதை நிகழும் ஊர்கள் பலவும் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளவை: பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூர், திருவதிகை, கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். அந்தக் கதையின் தொடக்கம் அடுக்கடுக்கான இழவு. தந்தை புகழனார் இறக்கிறார். தாய் மாதினியார் உடன் மாய்கிறார். மூத்தவள் திலகவதிக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரில் மடிந்த செய்தி வருகிறது. அவர் சென்ற வழியே தானும் செல்வதெனத் திலகவதி துணிகிறார். பின்னாளில் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் அறியப்பட்ட சிறுவன் மருள்நீக்கியார் அக்காவின் காலில் விழுகிறார். வருத்தப்படாதே என்றோ காலம் ஆற்றும் என்றோ அவர் சொல்லவில்லை. தாய் தந்தை போன பிறகும் உன்னை வணங்கலாம் என்பதால்தான் உயிர் வைத்திருக்கிறேன், நீயும் போவதானால் உனக்கு முன்னே நான் போய்விடுவேன் என்பதே அவர் சொல்வதன் சாரம். தம்பி உயிரோடு இருக்க வேண்டுமே என்ற இரக்கத்தால் அக்கா உயிரை நிறுத்திக்கொள்கிறார். ஆறுதல் என்று சொல்லத்தக்க ஒரு வாக்கியமும் அங்கே இல்லை. நீ எனக்கு வேண்டும் என்ற உண்மை மட்டும் இருக்கிறது. துயரப்படுபவரைப் பெறுபவராகவே நடத்தாமல், தரக்கூடியவராக நடத்துகிறது அந்தச் சிறுவனின் பேச்சு. திலகவதியை மண்ணில் நிறுத்தியது அதுதான். அடுத்து மருள்நீக்கியார் செய்வதாகச் சேக்கிழார் கூறுவதும் பொருள் பொதிந்தது: துயரிலிருந்து மீண்டு, செல்வத்தைச் செலவிட்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைக்கிறார்.

இரண்டாம் காட்சியில் இடம் மாறுகிறது. இப்போது விழுந்தவர் தம்பி. திருப்பாதிரிப்புலியூர்ச் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவரைச் சூலைநோய் வாட்டுகிறது. சமையல்காரன் மூலம் அக்காவுக்குச் செய்தி அனுப்புகிறார். அந்த மடத்துக்குத் தான் வர இயலாது என்று திலகவதியார் சொல்லியனுப்புகிறார். வலியோடு இரவில் நடந்து வந்து தம்பி காலில் விழும்போது, அவரை எழச் சொல்கிறார், இறைவனுக்குப் பணி செய்யும்படி சொல்கிறார், திருநீறு தருகிறார். விடியும் முன் அலகும் மெழுக்கும் தோண்டியுமாகத் தான் வழக்கமாகச் செய்யும் கோயில் வேலைக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறார். நோயாளிக்கு அவர் தந்தது விளக்குமாற்றுப் பணியில் ஒரு பங்கு. பிற்காலத்தில் அப்பர் என்றாலே கையில் உழவாரத்தோடு நம் கண்முன் நிற்பவர் அந்த விடியலில் உருவானவர் என்று படிக்க இடமுண்டு.

புராணக் கதையைச் சான்றாகக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கலாம். 7-ஆம் நூற்றாண்டில் நடந்தவற்றுக்கு அதை நான் சான்றாகக் காட்டவில்லை. சமணரைப் பற்றிச் சேக்கிழார் எழுதுவது ஒரு சமயத் தரப்பின் கூற்று. அதை அப்படியே வரலாறாக்கக் கூடாது. ஆனால் இடிந்தவரை எழுப்புவது எப்படி என்பது பற்றி அந்தக் காலத் தமிழறிவு என்ன நினைத்தது என்பதற்கு இது நேரடிச் சான்று. திருக்குறளில் ஊக்கமுடைமை 60-ஆம் அதிகாரம், இடுக்கணழியாமை 63-ஆம் அதிகாரம். இரண்டும் துன்பப்படுபவனைப் பார்த்தே பேசுகின்றன. அவன் தனியாக நின்று தன்னைத் தானே தாங்க வேண்டும். சேக்கிழார் அதையே இருவருக்கு இடையில் நிகழ்வதாக ஆக்குகிறார். இதே திருவதிகையைச் சேர்ந்த மனவாசகங்கடந்தார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய உண்மை விளக்கம் சிதம்பரத்துக் கூத்தனின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தொழிலைக் காட்டுகிறது. அஞ்சாதே என்று உயர்ந்த கை காத்தலுக்கு உரியது. அருளுக்கு உரியதோ எடுத்த திருவடி. சிலையைப் பார்த்தால், உடலுக்குக் குறுக்கே நீண்ட இன்னொரு கை அந்த அடியைச் சுட்டிக்கொண்டிருக்கும். ‘அஞ்சாதே’ என்பதோடு போகவேண்டிய இடத்தையும் சேர்த்துச் சொல்லும் உருவம் அது.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. சொல் எதற்கு, சோறு போதாதா என்பது அது. இந்த மறுப்புக்கு இந்த மாவட்டத்திலேயே பெரிய துணை உண்டு. மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867 மே மாதம் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை ஏற்றினார். அது இன்றும் அணையவில்லை. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில், பசி ஏறும்போது மனிதனின் அறிவும் மனமும் முகமும் எப்படி ஒவ்வொன்றாக வாடுகின்றன, உண்டபின் அவை எப்படி ஒவ்வொன்றாகத் தெளிகின்றன என்று மருத்துவர் குறிப்பெழுதுவதுபோல் விரிவாக எழுதியிருக்கிறார். பசித்தவனிடம் உற்சாகம் பேசுவது பயனற்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான எழுத்தை நான் அறியேன். இதை முழுதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோற்றோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் கடற்கரை காட்டியது. அலைக்குப் பின் தமிழகக் கரையில் பல மீனவர்கள் கடலுக்குப் போக மாதக்கணக்கில் அஞ்சினார்கள். அவர்களுக்கு அரிசி கிடைத்தது. பலருக்குப் படகும் கிடைத்தது. கூட ஏறிவர இன்னொருவர் இருந்தபோதுதான் படகு நீரில் இறங்கியது. கையேந்தி வரிசையில் நிற்கும் நாட்கள் நீள நீள, உழைத்துப் பிழைத்தவர்களின் தன்மதிப்பு தேய்வதும் உண்டு. நிவாரணத்தால் மட்டும் நிமிர்ந்துவிட முடியாததற்கு இதுவே காரணம். இதற்கு நேர்மாறான சான்று பரங்கிப்பேட்டைப் பக்கத்துச் சாமியார்பேட்டை. அலை வருவதற்கு முன்பே, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த பேரிடர் ஆயத்தப் பணியில் அந்த ஊர்க்காரர்கள் குழுக்களாகப் பிரிந்து மீட்புக்கும் முதலுதவிக்கும் பயிற்சி பெற்றிருந்தார்கள். அலை வந்தபோது யார் எதைச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, பலரைக் காப்பாற்றினார்கள். அந்தத் துணிவு பேச்சால் வந்ததன்று. முன்பே பழகிய வேலை அதைத் தந்தது.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு இன்னும் நுட்பமானது. வேலையும் வேண்டாம், சோறும் வேண்டாம், வெறும் சொல்லே உயிரைக் காத்த சான்றுகள் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். சான் பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பித் தொடர்சிகிச்சையை மறுத்த 843 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்தாண்டுகள் சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். நலமா என்று விசாரித்து, விரும்பினால் பதில் எழுதலாம் என்று முடியும் கடிதங்கள். எதையும் செய்யச் சொல்லாதவை. முதல் இரண்டாண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை கணிசமாகக் குறைந்தது. இதன் முடிவு 2001-இல் வெளியானது. அடுத்து உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணிநேர விளக்க உரையாடலும், 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். அந்தக் காலத்தில் தற்கொலையால் இறந்தோர் முதல் பிரிவில் 2.2 விழுக்காடு; விசாரிப்புப் பெற்ற பிரிவில் 0.2 விழுக்காடு. இந்த ஆய்வுகள் என் வாதத்தைத் திருத்துகின்றன என்பதை மறைக்க மாட்டேன். துணையும் பணியும் சம எடை கொண்டவை அல்ல. துணை முதலில் வருகிறது. மிகவும் தாழ்ந்த நிலையில் இருப்பவருக்குத் துணை மட்டுமே போதும், பணியைப் பேசுவது அப்போது அவசரம். ஆனால் இவற்றை வெறும் சொல்லின் வெற்றி என்று கொள்வது தவறு. அந்தக் கடிதங்களில் உற்சாக மொழி இல்லை. ஒன்பது முறை விசாரித்ததில் வேலை செய்தது எட்டாவது முறையும் ஒன்பதாவது முறையும் யாரோ மறக்காமல் கேட்டார்கள் என்பதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அவற்றை இழந்தவர்களுக்கும் இதே கணக்குதான். கன்று வைத்துக் காய் பார்க்க ஆண்டுகள் ஆகும். முதல் வாரத்தில் நூறு பேர் சொன்ன ‘கவலப்படாதீங்க’ மூன்றாம் ஆண்டில் உதவாது. அந்த மூன்றாம் ஆண்டில் தோட்டத்துக்கு வந்து கன்று எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஒருவர் உதவுவார்.

ஆங்கில ஊக்கச் சொற்கள் இன்று மிகுதியாகப் புழங்கும் இடம் பள்ளிக்கூடம். ஆல் த பெஸ்ட், கீப் இட் அப், சூப்பர், யூ கேன் டூ இட், பாசிட்டிவ்வா இரு. அவை ஆங்கிலம் என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. உறவுமுறையும் வயதும் சாதியும் குறுக்கே நிற்கும் ஒரு சமூகத்தில், யாரும் யாருக்கும் சொல்லலாம் என்ற விடுதலை அவற்றில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் தேர்வுக்குப் போகும் முகம் தெரியாத மாணவிக்கும் ஆல் த பெஸ்ட் சொல்லிவிடலாம். ஆபத்து அவற்றின் எளிமையில் இருக்கிறது. சொன்னதோடு கடமை முடிந்தது என்ற நிறைவைச் சொல்பவருக்கு அவை தந்துவிடுகின்றன. புகழ்ச்சிச் சொல்லுக்கும் விளைவு உண்டு என்பதற்கு 1998-இல் வெளியான கிளாடியா மூல்லர், கேரல் ட்வெக் ஆய்வு சான்று. அறிவாளி என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றபோது சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்கள் அவர்களில் 38 விழுக்காடு. முயற்சிக்காகப் புகழப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் 13 விழுக்காடு. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் ‘நான் அன்புக்கு உரியவன்’ என்பதுபோல் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டபோது அவர்கள் மனநிலை இன்னும் கீழிறங்கியதை 2009-இல் ஜோன் வுட் காட்டினார். சொல்லுக்கும் நிலைமைக்கும் இடையிலான தொலைவு அவர்களுக்கு அப்போது கூடுதலாகத் தெரிந்தது. திறமை முயற்சியால் வளரக்கூடியது என்ற ட்வெக்கின் கருத்தை அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் கிடைத்த பயன் சிறியது. சவாலை ஏற்பதை ஆதரிக்கும் சகமாணவர்கள் இருந்த பள்ளிகளில்தான் அது நிலைத்தது. சூழல் தாங்காத சொல் நிற்காது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

குப்பத்து வழக்குச் சொற்களுக்கு மீண்டும் வருவோம். ‘நாங்க இருக்கோம்’ என்பதில் கேட்பவர் சேர்வதில்லை. தாங்கும் கூட்டம் ஒருபுறம், தாங்கப்படுபவர் மறுபுறம். ‘பாத்துக்கலாம்’ என்னும்போது கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். நீயும் நானும் சேர்ந்து பார்க்கப் போகிறோம். முதலாவது இழவு விழுந்த நாளுக்கு, இரண்டாவது எழுந்து நிற்கத் தொடங்கும் நாளுக்கு. ‘ஆனது ஆச்சு, ஆக வேண்டியதப் பாரு’ என்பதில் நடந்ததை மறுக்காத முதற்பாதியும் வேலையைக் காட்டும் பிற்பாதியும் ஒட்டியே இருக்கின்றன. ஆனால் தமிழ் வழக்கு என்பதற்காக இவற்றைத் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்பதும் தமிழ்தான். அழுகையை அடைத்து வைக்கும் அந்தச் சொல் எத்தனையோ ஆண்களைக் குடியில் தள்ளியிருக்கிறது. பேரலைக்குப் பின் உடல்களை மொத்தமாகப் புதைக்க நேர்ந்ததால் முறைப்படி அழவும் சடங்கு செய்யவும் வழியற்றுப் போன குடும்பங்களுக்கு, உடனடித் தைரியத்தைவிட அழுவதற்கான இடமே தேவைப்பட்டது. ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் கடலூர்க் கரையில் பெண்கள் கூடிப் பால் ஊற்றி வாய்விட்டு அழுவதை மனந்தளர்வின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் தவறாகப் பார்க்கிறார்கள். ஊரே சேர்ந்து அழுவது துணையின் மிகப் பழைய வடிவம்.

இந்த வாதம் சரியென்றால் அதன்படி செய்ய வேண்டியவை சில உடனே தெரிகின்றன. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் தமிழக அரசு கைவிட்டது. எந்த ஊக்க உரையையும்விட அது நல்ல செயல், ஏனென்றால் ஒப்பீட்டின் சூழலையே அது சிறிது மாற்றியது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. அழைப்பை எடுத்துப் பேசுவது முதல் படி. சென்னை உள்ளிட்ட ஐந்து நகர ஆய்வு காட்டியபடி உயிரைக் காப்பது, அழைத்தவரை அடுத்த வாரமும் அடுத்த மாதமும் தேடிக் கேட்பது. அதற்கு வேண்டிய ஆட்களையும் நேரத்தையும் கணக்கிட்டு ஒதுக்க வேண்டும். பள்ளிகளில் செய்யவேண்டியது இன்னும் சிறியது. தேர்வு முடிவு வரும் நாளில், தவறிய மாணவர்களின் பட்டியலை வகுப்பாசிரியர் கையில் வைத்துக்கொண்டு அன்று மாலைக்குள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகலாம், அல்லது பேசலாம். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் எது, அதற்கு எங்கே வர வேண்டும், கூட வரப்போவது யார் என்ற மூன்றையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.